பால்ட் ஹெட் தீவில் வீடு எடுக்கிறீர்களா? கோல்ஃப் கார்ட்டைப் பற்றி முதலில் கேளுங்கள்

அமெரிக்காவில் வட கரோலினாவின் பால்ட் ஹெட் தீவில் கோடை விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

அங்கே சொந்தக் காரைக் கொண்டுபோக முடியாது. சவுத்போர்ட்டில் டீப் பாயின்ட் துறையில் காரை விட்டுவிட்டு, கேப் ஃபியர் ஆற்றைக் கடந்து 20 நிமிடம் ஃபெர்ரியில் போகவேண்டும். இறங்கியதும் டிராம் வண்டி பெட்டி படுக்கையோடு வீட்டில் சேர்த்துவிடும். அப்புறம் எங்கே போனாலும் கோல்ஃப் கார்ட் என்கிற சின்ன பேட்டரி வண்டிதான். இல்லையென்றால் சைக்கிள் அல்லது நடை.

எங்களுக்கு வீடு பிடித்துத் தந்த ஏஜென்ட் 'இரண்டு கார்ட், கடலைப் பார்த்த வீடு' என்று எழுதியே தந்திருந்தார். போனால் ஒரே ஒரு கார்ட். அதன் சார்ஜர் முனை பச்சையாகப் பூத்துக் கிடந்தது. பிளக்கை அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு எரியும். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும், கிழக்குக் கடற்கரைக்குப் போகும் வழியில் ஓக் மரக்காட்டுக்குள் நின்றுவிட்டது. முட்டிவலியோடு என் மாமியார் நடந்தே திரும்பினார். ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், 'வேறு வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். ஜூலையில் எங்கே கிடைக்கும்?

படத்தில் தெரிந்த தண்ணீரும் கடல் இல்லை, உப்பங்கழி. தீவின் வடக்குப் பக்கம் சதுப்பும் ஓடையும் கொசுவும்தான். மணல் கடற்கரையெல்லாம் மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும். எனவே முகவரியை வாங்கி வரைபடத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். பிள்ளைகள் குளிக்க நல்ல இடம் என்று ஏஜென்ட் சொன்னது, தெற்கும் கிழக்கும் சந்திக்கும் கேப் ஃபியர் முனையை. ஃப்ரையிங் பேன் மணல்திட்டுகள் தொடங்கும் இடம் அது, நீரோட்டம் ஆளையே இழுத்துவிடும். தயவுசெய்து அங்கே யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும், 'பேட்டரியைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, போன அன்றே என் மனைவி சார்ஜர் முனையைப் படமெடுத்து அவருக்கே அனுப்பியிருந்தாள். அதை வைத்து கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்த பிறகுதான் டெபாசிட் வந்தது. வராத கார்ட்டுக்கான பணம் இன்னும் வரவில்லை.

தீவு அருமையானது, 1817-இல் கட்டிய ஓல்ட் பால்டி கலங்கரை விளக்கத்துக்காகவே போகலாம். ஆனால் எத்தனை கார்ட், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், பழுதானால் யார் மாற்றித் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தந்த வீடு அதே படங்களோடு, அதே 'இரண்டு கார்ட்' வரியோடு இப்போதும் விளம்பரத்தில் இருக்கிறது.