கடலுக்குள் நட வேண்டிய எல்லைக்கல்

பட்டா விஷயத்தில் ஊர் மாறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் குறை சொல்லவே வருகிறான் என்பீர்கள். வி.ஏ.ஓ. வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்த காலத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது சிங்கப்பூரில் ரயிலில் நின்றுகொண்டே சர்வே எண்ணைத் தட்டினால் பட்டாவும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும் கைபேசியில் வந்து விழுகின்றன. வில்லங்கமும் அப்படித்தான் பார்க்க முடிகிறது. அந்தத் தைரியத்தில்தான் இந்த விடுமுறையில் கூட்டுப் பட்டாவைப் பிரித்துவிடலாம், பனந்தோப்பின் வடகோடியில் சின்னதாக ஒரு வீடும் கட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

விமானம், ரயில், புதுப் பாம்பன் பாலத்தைப் பார்க்கப் போனது, எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றை விடுங்கள். நில அளவர் வந்த காலையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் தோப்பு சேதுக்கரைக்கும் புதுமடத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த புஞ்சை. வடக்கே வண்டிப்பாதை, தெற்கே கடல். தாத்தா போன பிறகு பட்டா அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாகவே கிடந்தது. அப்பாவின் பாகம் இப்போது என்னுடையது. உட்பிரிவுக்கு மனுப் போட்டோம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது, கையெழுத்தும் ஆனது. குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு நில அளவர் வந்தார். இளம் பெண், தொப்பியும் பூட்ஸுமாக. சித்தப்பா கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அவர் காலத்தில் சர்வேயர் குறித்த மாதத்துக்கு வந்தாலே பெரிய விஷயம்.

வடக்குப் பக்கத்து இரண்டு கற்களும் பனை மட்டைக் குப்பைக்கு அடியில் கிடைத்தன. கிராம உதவியாளர் மண்வெட்டியால் சுற்றிச் சுரண்ட, கல்லின் தலையில் வெட்டியிருந்த குறிகூட அழியாமல் தெரிந்தது. அங்கிருந்து புலப்படத்தில் உள்ள நீளத்தைத் தெற்கே அளந்துகொண்டு போனார்கள். புத்தகத்தின்படி 240 மீட்டர். ஏறக்குறைய 200 வந்ததும் மணல் முடிந்து அலை வந்துவிட்டது.

நில அளவர் தாளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "மறுபடி பிடிங்க" என்றார். மறுபடியும் அதே கதை. உதவியாளர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அளவுக் கம்போடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. கச்சான் காற்றுக் காலம், தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கம்பை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்து, "இங்கதாம்மா கல்லு வரணும்!" என்று கத்தினார். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"அளவு புத்தகப்படி சரியாத்தான் இருக்கு சார்" என்றார் நில அளவர். "கல்லுதான் நட முடியாது."

கடல் அரித்துவிட்டது என்று அறிக்கையில் எழுதிவிடலாமே என்றேன். எழுதினால் பரப்பைக் குறைக்க வேண்டும், குறைக்கிற அதிகாரம் தனக்கு இல்லை, அது மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ. வரைக்கும் போகிற விஷயம் என்றார். குறைக்காமல் பிரிக்கலாமா? பிரித்தால் நான்கு மூலைக்கும் கல் காட்ட வேண்டும். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மரியாதையாகவே பேசினார், மோர் கொடுத்தபோதுகூட வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை.

சித்தப்பாவுக்கோ ஒரே சிரிப்பு. "கடல்ல இருக்கிற பாதியை நீ எடுத்துக்க தம்பி. கடல் தாண்டிப் போனவன் நீதானே" என்றார்.

இந்தப் புலப்படத்தின் கணக்கு 1979-க்கும் 1987-க்கும் இடையில் மாநிலம் முழுக்க நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டு வேலையில் சரிபார்க்கப்பட்டது. அந்தத் தென்கல் மணலில் நின்றதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். அதற்கும் தெற்கே வலை காயப்போட இடம் இருந்ததாம். கடல் சும்மா ஏறி வரவில்லை. எதிரே இருக்கும் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல தலைமுறையாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோனோம். கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். 1986-ல் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது 2001-ல். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லியும் அப்படியே. சித்தப்பா வாலிப வயதில் தீவில் தங்கி மீன் பிடித்தவர். இன்று அனுமதி இல்லாமல் அங்கே இறங்கினாலே வழக்கு. அதில் அவருக்கு வனத்துறை மீது தீராத கோபம், எனக்கு அவ்வளவு இல்லை. இருவரும் ராத்திரிச் சாப்பாட்டில் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டோம்.

சரி, பட்டா பிரியாவிட்டால் போகட்டும், வீட்டுக்காவது வழி கேட்போம் என்று உள்ளாட்சி அலுவலகம் போனேன். அங்கேதான் இரண்டாவது கோடு வந்தது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், எல்லோரும் சொல்கிற சி.ஆர்.இசட்., 1991 பிப்ரவரியில் முதலில் வந்த அறிவிப்பு. 2011-ல் மாற்றினார்கள், 2019-ல் மறுபடி மாற்றினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரை அதன் பிடி. கிராமக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது; ஏற்கெனவே முறைப்படி இருக்கிற வீட்டை அதே அளவில் பழுது பார்க்கலாம், அவ்வளவுதான். 2019-ல் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளுக்கு இந்த 200-ஐ 50 ஆகக் குறைத்தார்கள். எங்கள் ஊரில் ஆட்களைவிடப் பனை அதிகம், அந்தச் சலுகை எங்களை எட்டிப் பார்க்காது. மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்ட 2011 அறிவிப்பிலேயே 100-க்கும் 200-க்கும் இடையில் இடம் விட்டிருக்கிறார்கள். அது நியாயம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து போகிற எனக்கு அந்த வரிசையில் நிற்க முகமும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். தென்கல் மணலில் நின்ற காலத்தில் தோப்பு 240 மீட்டர். அங்கிருந்து 200 மீட்டரைக் கழித்தால் வடகோடியில் 40 மீட்டர் மிச்சம், தாராளமாக ஒரு வீடு வந்திருக்கும். கடல் முன்பக்கம் 40 மீட்டரை எடுத்துக்கொண்டது. கோடும் அதோடு சேர்ந்து உள்ளே வந்ததால் பின்பக்க 40 மீட்டரும் போயிற்று. பட்டாவில் மட்டும் ஒரு சென்ட் குறையவில்லை. தீர்வை ரசீதிலும் குறையவில்லை.

அந்தக் கோடு துல்லியமாக எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அலுவலகத்தில் ஒருவர், "அலை வந்து நிக்கிற இடத்துல இருந்து டேப்பைப் பிடிச்சுக்குங்க சார்" என்றார். எந்த அலை? காலையிலா, சாயந்திரமா, அமாவாசையிலா? அறிவிப்பின்படி பெருநீர் ஏற்றத்தின்போது தண்ணீர் நிலத்தில் எட்டுகிற கோடு அது. அதைக் குறிக்க அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே தேசிய மையம் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் நானே சொன்ன பிறகு ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். 1:25,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். அரை மில்லிமீட்டர் பட்டையில் போட்ட சிவப்புக் கோடு என் தோப்பில் பன்னிரண்டு மீட்டரை மூடி மறைக்கிறது. சர்வே எண் தெரிகிற மாதிரி 1:4000 அளவில் உள்ளூர் வரைபடம் வேண்டும் என்று 2011 அறிவிப்பே சொல்கிறது. அது எங்கே? "கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க." கலெக்டர் அலுவலகத்தில், "உள்ளாட்சியில கேளுங்க."

சிங்கப்பூரில் இப்படி நடக்காது என்று சொல்லத்தான் வாய் வருகிறது. நகரத் திட்ட வரைபடத்தில் எந்த மனையையும் தொட்டுப் பார்க்கலாம், அங்கே என்ன கட்டலாம், எத்தனை மாடி என்று வந்துவிடும். ஆனால் நான் அங்கே குடியிருப்பது 99 வருடக் குத்தகை வீட்டில். கடலை மண் போட்டு நிரப்பி ஊரையே பெரிதாக்கியவர்கள் அவர்கள். பீச் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது, அங்கே நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. நிரப்பிய நிலம் அரசாங்கத்துடையது, யாருக்கும் தாத்தா சொத்து என்று பேச இடமில்லை. அங்கே கோட்டைத் தெளிவாகப் போட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அப்ப உனக்கு அங்க ஒரு பனங்கன்றுகூடச் சொந்தமில்ல, அப்படித்தானே?" என்றார்.

இந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அலையிலிருந்து தள்ளிக் கட்டு என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் பழைய ஊர் வீடுகள் எல்லாம் வண்டிப்பாதைக்கு வடக்கேதான். என் ஆத்திரம் வேறு. தோப்பிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு விடுதி. அதன் சுற்றுச்சுவர் அலைக்கும் அதற்கும் நடுவில் நாலு படகு நிறுத்த இடம் விடாமல் நிற்கிறது. அந்த இடத்தில்தான் சின்ன வயதில் நெத்திலி காயப்போட்டிருப்பார்கள், நாங்கள் மிதித்துவிட்டுத் திட்டு வாங்குவோம். மீன் காயவைக்கிற இடம், படகு நிறுத்துகிற இடம், ஊர்ப் பொது இடம் இவற்றையெல்லாம் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. பாசி எடுக்கப் போகிற பெண்கள் இப்போது அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சுவர் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று ஒரு அலுவலகமும் எனக்குச் சொல்லவில்லை.

டீக்கடையில் ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். "கடலைப் பார்த்த இடம்ணே, நல்ல விலை வரும். சி.ஆர்.இசட். எல்லாம் பாத்துக்கலாம்." கேரளாவில் இதே சி.ஆர்.இசட். விதியை மீறிக் கட்டிய மரடு அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்ததை ஞாபகப்படுத்தினேன். "அது கேரளாண்ணே" என்றார். புஞ்சை நிலம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் என் போன்றவனுக்கு வாரிசாக வரலாம், விலைக்கு வாங்கத்தான் முடியாது. விற்பதானாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். அவர் கொண்டுவந்த ஆள் துபாய்க்காரர். பேச்சு அதோடு முடிந்தது.

வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடந்துகொண்டிருந்த நேரம். கடல் அரிப்பைக் கணக்கில் எடுத்து அளவைத் திருத்த வேண்டும், உயர் அலைக் கோட்டைக் காட்டித் தர வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தேன். ரசீது உடனே கிடைத்தது, கைபேசிக்குச் செய்தியும் வந்தது. உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். யார் அந்த உரிய அலுவலர் என்பதைத்தான் நான் மனுவிலேயே கேட்டிருந்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் பட்டாவைத் தள்ளி வைத்துவிட்டுத் தாத்தாவின் பத்திரத்தைக் கேட்டார். நான்கெல்லையில் "சமுத்திரத்துக்கு வடக்கு" என்று இருக்கிறது. பத்திரத்தில் பரப்பும் எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக எல்லைதான் செல்லும் என்றார். அப்படியானால் எங்கள் தெற்கு எல்லை கடல்தான், அது எங்கே வந்து நின்றாலும். புலப்படத்துக்குக் கல் எல்லை, பத்திரத்துக்குக் கடல் எல்லை, சி.ஆர்.இசட்.டுக்கு இன்னொரு கோடு. மூன்றையும் ஒரே தாளில் போட்டுத் தர ஆள் கிடைத்தால் வழக்கே வேண்டாம் என்றார் வக்கீல். பீஸ் வாங்கிக்கொண்டார்.

நான் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. அங்கே போய் எழுதினால் தூதரகத்தில் சான்றொப்பம், இங்கே வந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் என்று அலைச்சல். அதனால் இருக்கும்போதே சித்தப்பாவுக்குப் பவர் எழுதிவிடலாம் என்று பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்தோம். நிலத்தின் பரப்பு என்று வந்ததும், கடலில் இருப்பதைக் கழித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முழுசாவே போட்டுடுறேன் சார், பட்டாவுல அதுதானே இருக்கு. மாத்தினா கேள்வி வரும்" என்றார். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.