விரிசல் விட்ட பனோரமிக் கூரை: கண்ணாடியை எங்கே வாங்குவது, யாரிடம் ஒட்டுவது

சொகுசு மின்சார எஸ்யூவியின் கூரைக் கண்ணாடி விரிசல் விட்டால் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. ரெசின் எனும் பிசினை ஊற்றி விரிசலை அடைப்பது, கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மொத்தமாக மாற்றுவது, கார் கண்ணாடி மட்டுமே செய்யும் தனி நிபுணரிடம் மாற்றுவது, விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடியைப் பொருத்துவது. கூரை காரின் உடம்போடு ஒட்டப்பட்டு அசையாத வகையாக இருந்தால், கம்பெனிக் கண்ணாடியை வாங்கி, ஒட்டும் வேலையைத் தேர்ந்த கண்ணாடி நிபுணரிடம் கொடுப்பதே சரி என்பது என் முடிவு. கூரை நகர்ந்து திறக்கும் வகையாகவோ, மின்சாரத்தில் மங்கும் அல்லது நிறம் மாறும் வகையாகவோ இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். இரண்டு முடிவிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நாளைக்குத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும் என்பது.

முதலில் என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோடாக விரிசல் ஓடி, கண்ணாடி இடத்திலேயே நிற்கிறது என்றால் அது லேமினேட்டட்: இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பிளாஸ்டிக் படலம். டெம்பர்டு, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி, இப்படி நிற்காது. ஒரே சத்தத்தில் முழுவதும் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறும். கல்லே படாமல் டெம்பர்டு வெடித்தால், தயாரிப்பில் உள்ளே தங்கிவிட்ட நிக்கல் சல்ஃபைடு துகள் காரணமாக இருக்கலாம். கண்ணாடியின் மூலையில் உள்ள அச்சைப் படியுங்கள். தயாரித்தவர் பெயரும் ஒப்புதல் எண்ணும் அங்கே இருக்கும்; பல கண்ணாடிகளில் வகையின் பெயரும் எழுதியிருக்கும். டெஸ்லா மாடல் ஒய்யின் கூரை ஒட்டப்பட்ட லேமினேட்டட். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் எஸ்யூவியில் வருவது நகரும் கூரை. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸில் பொத்தானை அழுத்தினால் மங்கும் கண்ணாடியும் கிடைக்கிறது. மூன்றும் மூன்று விதமான வேலை. ஒன்றுக்கு வாங்கிய விலைப்பட்டியலை வைத்து இன்னொன்றை எடை போட முடியாது.

ரெசினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முன் கண்ணாடியில் கல் பட்ட சிறு குழிக்கு அது நல்ல வைத்தியம். கூரையில் விரிசல் பெரும்பாலும் விளிம்பைத் தொட்டுவிடுகிறது, விளிம்பைத் தொட்டது நிற்காது. கருப்புக் கண்ணாடி வெயிலில் கொதிக்கும், உள்ளே ஏசி குளிர வைக்கும், அந்த இழுபறியில் விரிசல் தினமும் கொஞ்சம் நகரும். மாற்றும் நாள் வரை மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைப் போடுங்கள், நிழலில் நிறுத்துங்கள், நகரும் வகையானால் திறக்கவே திறக்காதீர்கள், தானியங்கி கழுவும் இடத்துக்குப் போகாதீர்கள். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் வராமல் இருக்கட்டும் என்று விளிம்பில் சிலிக்கோன் பூசிவிடாதீர்கள். சிலிக்கோன் படிந்த இடத்தில், கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை பிறகு பிடிக்காது. சுத்தம் செய்துவிட்டதாகத் தோன்றினாலும் அதன் மெல்லிய படிவு தங்கிவிடும், புதிய கண்ணாடி அந்த இடத்தில்தான் கசியும்.

இனி கண்ணாடி. செயின்ட் கோபேன் செக்யூரிட், ஏஜிசி, ஃபுயாவோ போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் தருகின்றன, வெளிச்சந்தைக்கும் தருகின்றன. அதனால் 'வெளிக் கண்ணாடி எல்லாம் மட்டம்' என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் முன் கண்ணாடிக்கு வெளிச்சந்தையில் கிடைக்கும் தேர்வு பனோரமிக் கூரைக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் மூன்று இடங்களில் குறை வரும். முதலாவது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு. அது இல்லாத கண்ணாடியும் அதே கருப்பாகத்தான் தெரியும், வெயிலில் உட்கார்ந்தால் உச்சந்தலையில் தெரிந்துவிடும். மின்சார காரில் அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி எடுக்கும் மின்சாரம் ஓடும் தூரத்திலிருந்துதான் போகிறது. கடையிலேயே சோதிக்கலாம்: கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பல தகடுகளிலிருந்து வரும் பிரதிபலிப்புப் புள்ளிகளைப் பாருங்கள். பூச்சு இருந்தால் அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட நிறம் மாறித் தெரியும். இரண்டாவது வளைவு. கூரையின் வளைவோடு இரண்டு மூன்று மி.மீ. ஒத்துப்போகாவிட்டாலும், அதைப் பசையின் தடிமனால் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: ஓரத்தில் ஓடும் கருப்புப் பீங்கான் பட்டை. அது அழகுக்காக மட்டும் இல்லை. பசையின் மேல் வெயில் படாமல் காப்பதும் அதுதான். பட்டை குறுகலாகவோ புள்ளி புள்ளியாக மெலிந்தோ இருந்தால், புற ஊதாக் கதிர் பசையை வருடக்கணக்கில் அரித்து, ஒட்டு கண்ணாடியிலிருந்து விட்டுவிடும். பழைய கண்ணாடியின் பட்டையை ஸ்கேலால் அளந்து புதியதோடு ஒப்பிட ஒரு நிமிடம் ஆகும்.

பழைய கண்ணாடி, அதாவது இன்னொரு காரிலிருந்து எடுத்தது, நகரும் கூரைக்கு ஓரளவு ஏற்றது. அந்தத் தகடு ஸ்க்ரூவில் நிற்கிறது, கழற்றும்போது சேதம் குறைவு. ஒட்டிய கண்ணாடியை அறுத்து எடுத்தால் விளிம்பில் எள்ளளவு சில்லு போயிருந்தாலும் போதும், அடுத்த வெயில் காலத்தில் அங்கிருந்தே விரிசல் கிளம்பும். ஒட்டும் வகைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய கண்ணாடியானாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் கையுறை போட்ட விரலால் நான்கு விளிம்பையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்தில் மூலை இடிபடுவது சாதாரணம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒட்டும் வேலைதான். கண்ணாடி நிபுணர் இதையே நாள் முழுவதும் செய்கிறார். சர்வீஸ் சென்டரில் ஒட்டிய கூரையை மாற்றும் வேலை அபூர்வமாகத்தான் வரும். சில இடங்களில் அவர்களே வெளியிலிருந்து கண்ணாடிக்காரரை அழைத்துத்தான் செய்கிறார்கள். யார் கை வைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கை என்ன செய்யும் என்பது கீழே. இதில் ஒரு படி தவறினாலும் கசியலாம்.

உள்ளே கூரை விரிப்பின் ஓரங்களை இறக்கி, வயரிங் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகே அறுக்கத் தொடங்க வேண்டும். பக்கவாட்டில், விபத்தில் ஜன்னலை மறைத்து விரியும் திரை ஏர்பேக் சுருண்டு கிடக்கிறது. மின்சார காரில் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது. பெரிய பேட்டரி, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி மாற்றி வழியாக அந்த இணைப்புக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், எனவே அந்த மாடலுக்கான அணைக்கும் முறையைப் பின்பற்றி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்துதான் ஏர்பேக் பக்கம் கை வைக்க வேண்டும். பிறகு கத்திக்குப் பதில் மெல்லிய செயற்கை நாரால் பசையை அறுப்பது நல்லது. நார் பெயின்டைக் குறைவாகக் கீறும்.

உடைந்த கண்ணாடி கழன்று வந்ததும், உடம்பில் இருக்கும் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்கக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சமமாகச் சீவி விட வேண்டும். புதிதாகச் சீவிய பழைய யூரித்தேன்தான் புதிய யூரித்தேனுக்கு மிகச் சிறந்த தளம், அதன் மேல் விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. பெயின்ட் கீறி உலோகம் தெரிந்த இடத்தில் ப்ரைமர் எனும் அடிப்பூச்சு அவசியம். இல்லாவிட்டால் கீழே துரு கிளம்பி, பசையைப் பெயின்டோடு சேர்த்துத் தூக்கும். அலுமினிய உடம்பு என்றால் மின்சாரம் கடத்தாத வகை பசையா என்று கேளுங்கள். சாதாரண கருப்புப் பசையில் உள்ள கார்பன், அலுமினியத்தை அரிக்கத் துணைபோகும்.

பசையின் அளவைக் கணக்குப் போடலாம். 1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள கண்ணாடிக்குச் சுற்றளவு 5 மீட்டர். முக்கோண வடிவில் 10 மி.மீ. அடி, 12 மி.மீ. உயரம் வைத்தால் சுமார் 300 மி.லி. பிடிக்கும். முனையில் தங்குவதும் வீணாவதும் சேர்ந்தால், 310 மி.லி. குழாய் ஒன்றோடு வேலையைத் தொடங்குபவர் கடைசி மூலையில் மாட்டிக்கொள்ளலாம். குழாய் மாற்ற நிறுத்திய இடத்தில் சிறு இடைவெளி விழும், மழைக்கு அது போதும். ஆகவே 600 மி.லி. பொதியோ, கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாவது குழாயோ இருக்க வேண்டும். பசைத் துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே ஓட்டமாகப் போட வேண்டும். தொடக்கமும் முடிவும் சேரும் இடம் மூலையில் வராமல் நேர்ப் பகுதியில் அமைந்து, பட்டையான கருவியால் அழுத்தி இணைக்கப்பட வேண்டும்.

அந்தக் கண்ணாடி மொத்தம் 5 மி.மீ. தடிமன் என்றால் எடை ஏறக்குறைய 19 கிலோ. உறிஞ்சுக் கோப்பைகளோடு குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து இறக்க வேண்டும். முதலில் பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, டேப்பால் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். பசையில் வைத்த பிறகு இழுத்து நகர்த்தினால் முக்கோணம் சரிந்துவிடும். இந்த உலர்ந்த ஒத்திகையைச் செய்யாதவரிடம் காரைக் கொடுக்க மாட்டேன்.

யூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளுக்குச் சுமார் 3 முதல் 4 மி.மீ. ஆழம் வரை இறுகும். வறண்ட குளிரில் இன்னும் மெதுவாக. ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம் என்று பசைப் பெட்டியில் எழுதியிருந்தால், அது ஓட்டுவதற்கான நேரம்தான். முழுதாக இறுக இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதுவரை ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே காற்றழுத்தம் எழும்பி ஈரப் பசையைத் தள்ளும். உயர் அழுத்தத் தண்ணீர் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

மின்சார காரில் ஏன் இவ்வளவு கவனம்? பெரிய பேட்டரிப் பெட்டி சீல் செய்யப்பட்டது, கூரையிலிருந்து சொட்டும் நீர் அதற்குள் போவதில்லை. ஆனால் கம்பளத்துக்குக் கீழே தடித்த ஃபோமும், அதனடியில் வயரிங் இணைப்புகளும் உள்ளன. சில மாடல்களில் இருக்கைக்கு அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கும். ஃபோம் நீரை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும், இணைப்பு முள்ளில் பச்சை படியும், எங்கோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். காரணம் கூரை என்று யாருக்கும் தோன்றாது. காற்றுச் சத்தமும் இதே கதைதான். எஞ்சின் ஓசை இல்லாததால் வேறு காரில் கேட்காத சிறு விசில் இதில் நன்றாகவே கேட்கும்.

நகரும் கூரைக்குத் தகடு மாற்றுவது எளிது, சரியாக அமைப்பது கடினம். தகட்டின் முன் விளிம்பு கூரை மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மி.மீ. தாழ்வாகவோ இருக்க வேண்டும், பின் விளிம்பு சமமாகவோ ஒரு மி.மீ. உயர்வாகவோ. தலைகீழானால் காற்று ஊளையிடும். டெம்பர்டு உடைந்திருந்தால் தண்டவாளப் பள்ளத்தில் கண்ணாடித் துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, கேபிளையும் வழுக்குப் பட்டையையும் அது அறுக்கும். வடிகால் குழாய்கள் பொதுவாக நான்கு மூலையிலும் உண்டு. துகள்கள் அவற்றிலும் விழும். அவற்றைக் காற்று பீய்ச்சி ஊதினால் குழாய் மூட்டிலிருந்து கழன்றுவிடலாம், மென்மையான நைலான் கம்பிதான் விட வேண்டும். கடைசியில் மோட்டாருக்கு மூடும் இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த முறை மாடலுக்கு மாடல் மாறும். சில கார்களில் கம்பெனியின் ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. சர்வீஸ் சென்டர் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

நிறம் மாறும் கண்ணாடியில் பலருக்கும் அதிக அனுபவம் சேரவில்லை, இந்தத் தொழில்நுட்பம் இன்னும் சில கார்களில்தான் வருகிறது. இப்போதைக்கு உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் செய்வதே புத்திசாலித்தனம். கண்ணாடி பொருத்தியபின் வயர் இணைப்பைச் சோதிக்க மறந்து, விரிப்பை மாட்டிவிட்டால் மறுபடி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். டெஸ்லா மாடல் எக்ஸ் போல முன் கண்ணாடியே கூரைவரை ஏறும் கார்களில் முன் கேமராவை மறுபடி துல்லியமாக அமைக்கும் வேலையும் செலவில் சேரும். தனிக் கூரைக் கண்ணாடிக்குப் பொதுவாக அது தேவைப்படாது. காப்பீட்டில் கூரைக் கண்ணாடி முன் கண்ணாடியின் பிரிவில் வருகிறதா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள், நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பிடித்தத் தொகை அதைப் பொறுத்து மாறலாம்.

காரை எடுக்கும் முன் கண்ணாடியின் எண், பசையின் பெயர், அதன் காலாவதித் தேதி ஆகிய மூன்றும் பில்லில் எழுதப்பட்டிருக்கட்டும். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கப் போவதும் இதைத்தான். பசை இறுகிய பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் சாதாரணக் குழாய்த் தண்ணீரைத் தாழ்ந்த விளிம்பில் தொடங்கி மெல்ல மேல் நோக்கி, 10 நிமிடமாவது ஊற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்று பிரித்தறிய முடியாது. விசில் கேட்டால் விளிம்பை டேப்பால் பகுதி பகுதியாக மூடி ஓட்டிப் பாருங்கள், எந்த டேப்பில் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் குறை இருக்கிறது. முதல் பெருமழைக்குப் பிறகு முன் இருக்கைக்கு அடியில் கம்பளத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தால் போதாது, ஓரத்தைத் தூக்கி ஃபோமை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும்போதும் அடியில் ஈரம் இருக்கும்.