முட்டைக்கோஸ் பாத்தியில் இனக்கவர்ச்சிப் பொறி: ஒரு மதிப்புரை

வைரமுதுகு அந்துப்பூச்சிக்காக விற்கப்படும் கூடார வடிவ இனக்கவர்ச்சிப் பொறியை ஒரு பருவம் முழுவதும் முட்டைக்கோஸ் பாத்தியில் வைத்துப் பார்த்தேன். உறையில் அச்சிட்டிருக்கும் ‘முழுப் பாதுகாப்பு’ என்ற வாக்குறுதியை நம்பி இதை யாரும் வாங்க வேண்டாம். பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாக ஏற்றிய ரப்பர் குப்பியைத் தேடி ஆண் பூச்சிகள் மட்டுமே வருகின்றன. இணைசேர்ந்துவிட்ட பெண் பூச்சியோ பொறியைச் சட்டை செய்யாமல் செடிக்குச் சென்று இலை நரம்போரம் முட்டையிட்டுவிடுகிறது.

ஆனால், பூச்சியின் வரவை முன்கூட்டி அறிய இது அருமையான கருவி. ஒட்டும் அட்டையில் கட்டங்கள் வரையப்பட்டிருப்பதால் எண்ணுவது எளிது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இப்பூச்சி சிறகை மடக்கியிருக்கும்போது முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும்; பசையில் புரண்டு செதில் உதிர்ந்தவற்றை இனங்காண உருப்பெருக்கி தேவைப்படும். எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேல்தோலை மட்டும் மெல்லிய சவ்வாக விட்டுவிட்டு அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும் பச்சைப் புழு, தொட்டவுடன் துள்ளி நெளிந்து நூல் விட்டுத் தொங்கும். 1953இலேயே ஜாவாவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட பூச்சி இது என்பதால், நாள் குறித்து மருந்தடிப்பதைவிட இப்படிப் பார்த்துத் தேவைப்படும்போது மட்டும் அடிப்பதே அறிவுடைமை.

உடன் வரும் கையேடுதான் பெரிய குறை. புழு எந்தச் செடிகளைத் தின்னும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு என ஏறத்தாழ முழுக்கக் கடுகுக் குடும்பமே இதன் உணவு. அக்குடும்பத்தின் கார நெடிக்குக் காரணமான குளுக்கோசினோலேட்டுகள் பல பூச்சிகளை விரட்டுகின்றன. இதையோ வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கின்றன. அதனால்தான் முட்டைக்கோஸ் நடுவதற்கு முன்பே ஓரமாகக் கடுகு விதைத்துப் பூச்சியை அங்கே இழுக்கும் பொறிப்பயிர் முறை பலன் தருகிறது. பக்கத்துப் பாத்தியில் தக்காளியோ கத்தரியோ இருந்தால் இந்தப் புழுவைப் பற்றிக் கவலை வேண்டாம். களையாக முளைத்த காட்டுக் கடுகைத்தான் பிடுங்க வேண்டும்.

கொக்கிக் கம்பி மெலிதாக இருப்பதால் பலத்த காற்றில் பொறி கவிழ்ந்துவிடுகிறது. வேறு கம்பி கட்டிக்கொள்வது நல்லது. மாற்றுக் குப்பிகளைப் பிரிக்காமல் குளிரில் வைக்க வேண்டும். வேறு பூச்சிக்கான குப்பியைத் தொட்ட கையுறையோடு இதைத் தொட்டால் மணம் கலந்து எண்ணிக்கையே தவறிவிடும்.