50 சிசியா, 70 சிசியா: பெரிய கட்டைக்கு எந்தச் செயின்சா?

சிங்கப்பூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம், அடிக்கட்டை 30 அங்குலக் குறுக்களவு. 50 சிசி இயந்திரத்தில் 18 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இருந்தாலே இருபக்கமும் மாறி மாறி அறுத்துத் துண்டாக்கலாம். இரு வெட்டும் நேராகச் சந்திக்க வேண்டும். பார் முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் எகிறும்.

அதே இயந்திரத்தில் 25 அங்குலப் பாரை மாட்டுவதுதான் வம்பு. முழு நீளமும் மரத்துக்குள் புதைந்ததும் செயின் வேகம் விழும். அழுத்தினால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். ஆயில் பம்பும் ஈடுகொடுக்காது. முனைப்பக்கம் காய்ந்து பார் விளிம்பு நீலம் பாரிக்கும்.

70 சிசிக்கு 25 அங்குலம் பொருந்தும். கனம் கூடுதல், கிளை கழிக்கக் கை வலிக்கும். தெம்புசு மாதிரி வைரம் பாய்ந்த மரமென்றால் 20 அங்குலப் பாருக்கு இறக்குங்கள், அல்லது பற்கள் குறைவான ஸ்கிப் செயின் போடுங்கள்; சக்கை அடைக்காது.

50 சிசியில் பெரும்பாலும் 0.325 அங்குலப் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு), 70 சிசியில் 3/8. ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்), பார் முனைச் சக்கரம், செயின் மூன்றிலும் பிட்ச் ஒன்றாக இருக்கட்டும். சீவலுக்குப் பதில் மாவாகக் கொட்டினால், இயந்திரத்தை மாற்றுமுன் பல்லுக்கு அரம் போடுங்கள்.