எஸ்.எஃப்-400 தராசு: சோறு நிறுக்கத் தாராளமாகப் போதும்

எடை குறைக்க வேண்டும் என்றதும் சோற்றை விட்டுத் தினைக்குத் தாவுகிறவர்கள் அதிகம். 100 கிராம் தினையிலும் ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்து உண்டு. அளவு தெரியாமல் தானியத்தை மட்டும் மாற்றிப் பெரிய பலன் இல்லை. சில நூறு ரூபாய்க்குப் பல பெயர்களில் விற்கும் எஸ்.எஃப்-400 ரகத் தராசு அதைவிட உருப்படியான செலவு. வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டத் தட்டு, ஒவ்வொரு கிராமாகக் காட்டும் திரை, இரண்டு ஏஏ பேட்டரி. அவ்வளவுதான்.

தராசு எடையைத்தான் சொல்லும், மாவுச்சத்தை அல்ல. பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. வெந்த சோற்றில் சுமார் 28. உணவுக் கணக்குப் போடும் கைபேசிச் செயலியில் வேகாத அரிசியைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சோற்றின் எடையைப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு எகிறும்.

தண்ணீரைப் பொறுத்துச் சோற்றின் எடை மாறும் என்பதால் உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்வதே நல்லது. குக்கர் பாத்திரத்தின் வெற்று எடையை அதன் அடியிலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். வெந்தபின் பாத்திரத்தோடு நிறுத்து அதைக் கழித்தால் சோற்றின் எடை. 200 கிராம் அரிசி வெந்து 560 கிராம் சோறானால், மொத்தம் இருக்கும் 156 கிராம் மாவுச்சத்தை 560-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 28 வரும். மதியத்துக்கு 40 கிராம் மாவுச்சத்து போதுமென்றால் டப்பாவில் 140 கிராம் சோறு. (இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம், ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம்.)

காலை அவசரத்துக்குக் கைகொடுப்பது டேர் பட்டன். டப்பாவை வைத்து அழுத்தினால் பூஜ்யம், சோறு போட்டு மறுபடி அழுத்தினால் பூஜ்யம், அடுத்து சுண்டல். தோசைக்கு இன்னும் சுலபம். மாவுச்சட்டியைத் தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு கரண்டி அள்ளினால், எடுத்த எடை மைனஸில் தெரியும். 400 அரிசி, 100 உளுந்து அரைத்த மாவு தண்ணீரோடு 1,250 கிராம் வந்தால், 100 கிராம் மாவில் சுமார் 29 கிராம் மாவுச்சத்து. ஒரே கரண்டியில் அள்ளுகிறவர்களுக்கு நாலைந்து நாளில் கை பழகிவிடும், தினமும் நிறுக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. பெரிய தட்டு வைத்தால் திரை மறைந்துவிடுகிறது. முதலில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடும். டப்பாவோடு மறுபடி போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முந்தைய எடை போச்சு. ஆகவே ஒவ்வொன்றையும் போட்டவுடன் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பூஜ்யத்திலேயே நிற்கும். சிறு மாற்றத்தைத் தராசு தன் தடுமாற்றம் என்று எண்ணித் தள்ளிவிடுவதே காரணம். அதற்கும் டப்பாவிலிருந்து எடுக்கும் மைனஸ் முறைதான் சரி.

கொதிக்கும் பாத்திரத்தை நேராக வைத்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவே ஒரு மரப்பலகை வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். தட்டைச் சுற்றி இடுக்கு இருப்பதால் தண்ணீர் உள்ளே போகும், ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.