சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களே, எடை குறைப்பு மையத்தில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

"15 நாளில் 5 கிலோ, உடற்பயிற்சி தேவையில்லை, பக்கவிளைவு கிடையாது" என்று பலகை வைத்த ஒரு மையத்தில் என் அக்கா 38,000 ரூபாய் கட்டினார். திருச்சியில்தான். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவருடைய உயிரோடு விளையாடியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூட்டு வலிக்காக எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு, அதற்குக் கிளிமிபிரைடு என்ற மாத்திரை சாப்பிடுகிறார். மையத்தில் சேர்க்கும்போது பெயர், வயது, உயரம், வீட்டில் விசேஷம் ஏதும் வருகிறதா என்பது வரை விசாரித்திருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அக்காவே சர்க்கரை இருப்பதைச் சொன்னபோது, "எடை குறைந்தால் அதுவும் சரியாகிவிடும் அம்மா" என்றிருக்கிறார் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். அவர் மருத்துவரும் இல்லை, உணவியல் படித்தவரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

காலையும் இரவும் டப்பா மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் ஒரு கிண்ணம் வேகவைத்த காய். கூட்டிப் பார்த்தேன், நாளுக்கு 600 கலோரிகூடத் தேறவில்லை. எடை குறைப்பதற்கான உணவு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. சாப்பாட்டைக் குறைத்து மாத்திரையை அப்படியே விட்டால் சர்க்கரை இறங்கிவிடும். அதுதான் நடந்தது. அடுப்படியில் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி, சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார் அக்கா. அவர் மகள் விரலில் குத்திப் பார்த்தபோது 48. எழுபதுக்குக் கீழே வந்தாலே ஆபத்து. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார். மையத்துக்குப் போன் செய்தால், "கழிவு வெளியேறுகிறது, இரண்டு நாளில் பழகிவிடும்" என்று பதில் வருகிறது!

அவர்கள் எழுதிக் கொடுத்த அட்டையை அதன்பின் வாங்கிப் பார்த்தேன். முதல் எடை மாலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டுப்புடவையோடு எடுத்தது. அடுத்தது காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில், அவர்களே கொடுத்த மெல்லிய அங்கியில். இடுப்பளவும் அப்படியே. முதலில் தொப்புளுக்குக் கீழே தளர்வாக நாடா. மசாஜ் முடிந்ததும் இரண்டு விரல் மேலே, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி இறுக்கமாக. "4 அங்குலம் குறைவு" என்று எழுதிப் பச்சை மையில் வட்டம் வேறு.

கணக்குப் போட்டாலே அந்தப் பலகையின் பொய் விளங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 15 நாளில் ஐந்து கிலோ கரைய நாளுக்கு 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். அக்காவின் உடல் நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு வராது. பட்டினி கிடந்தாலும் நடக்காது. முதல் வாரத்தில் சரசரவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் இருக்கும். அது தீர்ந்தால் தண்ணீரும் போகும். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும்.

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்று அவர்கள் காட்டியது டப்பாவில் அச்சிட்ட 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை. அது உணவு வியாபார உரிமம், ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கும். எடை குறையும் என்பதற்கு அது சான்று அல்ல. உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. டப்பாவில் மருந்து என்ற சொல்லே கிடையாது. அதை வாயால்தான் சொல்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார் மேலாளர். அக்கா கட்டுப்பாடாக இல்லை என்று பழியையும் அவர் மேலேயே போட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தோம். மையம் முன்வந்தது எதற்குத் தெரியுமா? இன்னும் ஒரு மாதம் இலவசமாகச் சிகிச்சை தருவதற்கு. மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

அக்காவை இப்போது பழைய மருத்துவரே பார்க்கிறார். முதல் வேலையாக மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதை நாமாகச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தட்டில் சோறு பாதியாகிவிட்டது. அந்த இடத்தில் பொரியலும் கீரையும், கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ. மாலையில் அரை மணி நேர நடை. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்கிறார் மருத்துவர். சில வாரம் அதுவும் குறைவதில்லை, அதற்காக அவர் திட்டுவதும் இல்லை.

அந்த மாதிரி மையத்தில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீது, அட்டை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவோடு நாங்கள் வைத்திருப்பது அவைதான்.