ஊபே எசன்ஸ்: மாம்பழ ஃப்ளோட்டுக்கு வாங்கலாமா?

முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊபே எசன்ஸ் பாட்டிலில் வாசம் இருக்கிறது, நிறம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, ருசி இல்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றும் மாம்பழ சீசனில் மட்டும்தான், தை மாதத்தில் கேட்டால் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். ஏன் என்று கீழே வருகிறது.

கீழக்கரையில் துபாய்ப் பெட்டியைத் திறந்தால் எல்லா வீட்டிலும் வருவது டாங், நிடோ, கோடாலித் தைலம். இந்தத் தடவை காக்காவின் (அண்ணனின்) பெட்டியில் சுண்டுவிரல் உயரத்துக்கு இந்தப் பாட்டிலும் வந்தது, கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் என் புட்டிங் பைத்தியத்தைக் கேள்விப்பட்டுக் கொடுத்தனுப்பினாராம். லேபிளைப் படித்தேன். தண்ணீர், புரொப்பிலீன் கிளைக்கால், செயற்கை நிறம், செயற்கை வாசனை. ஊபே என்பது வள்ளிக்கிழங்கு இனம், வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம், பிலிப்பைன்ஸில் ஐஸ்கிரீமிலிருந்து பன் வரைக்கும் அதைப் போடுகிறார்கள். அந்தக் கிழங்கு இந்தப் பாட்டிலுக்குள் மருந்துக்குக்கூட இல்லை. சரி, ரோஸ் மில்க் எசன்ஸில் ரோஜா எங்கே என்று நாம் கேட்கிறோமா, அதனால் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடியைத் திறந்தால் முதலில் வெனிலா அடிக்கிறது, அப்புறம் லேசாகப் பாதாம், கடைசியில் நெய்ச்சோற்றில் போடும் ரம்பை இலை மாதிரி ஒரு வாசம் மூக்கிலேயே நிற்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நிறம்தான் முரடு. அரை லிட்டர் பாலுக்குக் கால் டீஸ்பூன் போதும், அரை டீஸ்பூன் விட்டால் பேனா மை கொட்டிய மாதிரி ஆகிவிடும். விரலில் பட்டால் மறுநாள் வரை போகாது. மர அகப்பையில் பட்டால் அது அதோடு சரி.

இதை வைத்து நான் செய்ய நினைத்தது மாம்பழ ஃப்ளோட். தெரியாதவர்களுக்கு: பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வீடு செய்கிற அடுக்கு இனிப்பு. கிரஹாம் பிஸ்கட் ஒரு அடுக்கு, கண்டென்ஸ்டு மில்க் கலந்து அடித்த கிரீம் ஒரு அடுக்கு, மாம்பழத் துண்டு ஒரு அடுக்கு, மறுபடியும் பிஸ்கட், மறுபடியும் கிரீம், அப்படியே ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். ஓவன் வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஆசிய நாட்டு இனிப்பில் பிஸ்கட்டும் டின் பாலும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் விஷயம் சுலபம், 1898 முதல் 1946 வரை அமெரிக்காக்காரன் கையில் இருந்த நாடு அது. அவன் கொண்டுவந்த டின்னையும் பிஸ்கட்டையும் தங்கள் ஊர் மாம்பழத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாம்பழத்துக்குக் காரபாவோ என்று பேர், குயிமராஸ் என்ற தீவில் விளைவது ரொம்பப் பிரபலம். நார் இருக்காது, புளிப்பு கொஞ்சம் இருக்கும்.

நமக்கு அது கிடைக்காது, கவலையும் இல்லை. ராமநாதபுரம் சந்தைக்கு நத்தம் பக்கத்திலிருந்து கல்லாமையும் ராஜபாளையத்திலிருந்து சப்பட்டையும் வரும் நாட்களில் இரண்டில் எது கிடைத்தாலும் போதும். பங்கனப்பள்ளியும் பரவாயில்லை, துண்டு போட வசதி, ஆனால் வெறும் இனிப்பு. டின் பால் ஏற்கெனவே இனிப்பு என்பதால் பழத்தில் ஒரு புளிப்பு இருந்தால்தான் அடுத்த கரண்டி எடுக்கத் தோன்றும். நார்ப் பழத்தைத் தயவுசெய்து போடாதீர்கள், பல்லிடுக்கில் குத்திக்கொண்டு இனிப்பு தின்ன யாருக்கு ஆசை. ஒரு டின் பாலுக்கு அரை லிட்டர் கிரீம் என்பது அவர்கள் ஊர் அளவு. நம் வாய்க்கு முக்கால் டின்னே அதிகம், நான் பாதியோடு நிறுத்திவிடுகிறேன். மிச்சத்தை டின்னோடு வைக்காமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பிஸ்கட் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கிரஹாம் இங்கே கடையில் இல்லை. டைஜஸ்டிவ் போட்டால் அடுக்கு தடிமனாக நிற்கும், மாரி போட்டால் ஊறி கேக் மாதிரி மெத்தென்று வரும். எனக்கு மாரி.

கிரீம்தான் வம்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டி கிரீமில் 25 சதவீதக் கொழுப்புதான், அதைக் கை ஓயும்வரை அடித்தாலும் நுரைக்குமே தவிர நிற்காது. நிற்கவேண்டுமென்றால் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும், பாத்திரமும் துடுப்பும் ஜில்லென்று இருக்கவேண்டும். சித்திரை வெயிலில் நம் கடற்கரை வீட்டு அடுக்களையில் ஜில்லென்று என்ன இருக்கும், சொல்லுங்கள். பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஃப்ரோஸன் விப்பிங் கிரீம் நிற்கும்தான், ஆனால் அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பு, தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மின்சாரம். அடுக்கிவைத்துவிட்டு நீங்கள் தூங்கப் போன பிறகு ரெண்டு மணி நேரம் கரண்ட் போனால் காலையில் தட்டில் இருப்பது இனிப்பு இல்லை, பிஸ்கட் பாயசம். பிலிப்பைன்ஸிலும் இதே வெயில்தானே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் பலர் குலமான் போடுகிறார்கள். அது வேறொன்றுமில்லை, நாம் நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசியேதான், அகர் அகர் என்பார்களே, அது.

இந்த இடத்தில்தான் பாட்டிலுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

முதலில் எசன்ஸைக் கிரீமில் கலந்து பார்த்தேன். பார்க்க அழகு. வாயில் வைத்தால் இனிப்பு, வாசம், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஏதோ வெனிலா என்றுதான் சொல்வீர்கள். ஊபேயின் ருசி என்பது கிழங்கின் மாவுத்தன்மையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. அதை அவர்கள் ஹலாயா என்று தேங்காய்ப்பால், டின் பால், வெண்ணெய் விட்டு அடிபிடிக்காமல் கிண்டி எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் ராசவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சுவார்களே, அதைக் குடித்தவர்களுக்கு இந்த ருசி புதிதே இல்லை, கிழங்கும் அதே இனம்தான். அதனால்தான் தையில் இந்தப் பாட்டிலை நான் தொடமாட்டேன் என்றேன். பொங்கலை ஒட்டிக் கிழங்குக் கடை போடும்போது ராசவள்ளி கிடைத்தால் தோலோடு வேகவைத்து உரித்துக்கொள்ளுங்கள், பச்சையாகச் சீவினால் கை அரிக்கும். மசித்த கிழங்கைப் பாலில் கலக்கும்போது நிறம் வெளிறிப் போகும், பாட்டில் மாதிரிப் பளீரென்று இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

ஆனால் கிழங்கு வருவது தையில், மாம்பழம் வருவது சித்திரையில். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. கிழங்கை மசித்து நாலு மாதம் ஃப்ரீசரில் வைக்கலாம், நான் மேலே சொன்ன கரண்ட் நிலவரத்தை நம்பி வைப்பது உங்கள் தைரியம். ஆக மாம்பழத்தோடு ஊபே வேண்டும் என்றால் பாட்டில்தான் வழி. அதைக் கிரீமில் விடாமல் தேங்காய்ப்பால் கடல்பாசியில் விடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் லேசான உப்பும் சேரும்போதுதான் அந்த வாசத்துக்கு ஓர் உடம்பு கிடைக்கிறது.

காய்ச்சுகிற முறை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தேங்காய்ப்பால் விடுவதால் ரெண்டு விஷயம் சொல்கிறேன். ஒரு லிட்டருக்கு 10 கிராம் கடல்பாசி என்று வையுங்கள், அடுக்குக்கு அரை லிட்டரே போதும் என்பதால் 5 கிராம். அதைக் கால் லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நரம்புகூட இல்லாமல் கரையும்வரை தண்ணீரிலேயே கொதிக்கவிடுங்கள், பாலில் போட்டுக் கரைக்கப் பார்த்தால் கரையாது, பாலும் திரிந்துபோகும். கரைந்த பிறகு தணலைக் குறைத்து, தனியாக வெதுவெதுப்பாக்கி வைத்த கெட்டித் தேங்காய்ப்பால் கால் லிட்டரை ஊற்றவேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் ஊற்றின இடத்திலேயே கட்டி கட்டியாக உறைந்துவிடும், கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கிற சாமான். சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அடுப்பை அணைத்த பிறகு கால் டீஸ்பூன் எசன்ஸ். கொதிக்கும்போது விட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். இதைச் சூடாகக் கிரீம் மேல் ஊற்றக்கூடாது. தட்டையான தாம்பாளத்தில் அரை அங்குலத்துக்கு ஊற்றித் தனியாக உறையவிட்டு, கண்ணாடி டிரே அளவுக்கு வெட்டி, தோசைக் கரண்டியால் தூக்கி மாம்பழத்தின் மேல் படுக்கவையுங்கள். ஓரம் பிய்ந்தாலும் பரவாயில்லை, அதன் மேல்தான் கிரீம் வருகிறதே.

உறைந்த கடல்பாசி மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். எத்தனை மணி நேரம் கரண்ட் போனாலும் நம் ஊர் வெயிலுக்கு அது அசையாது. ஜெலட்டின் என்றால் நம் உடம்புச் சூட்டிலேயே இளகும், அது எந்த மிருகத்து எலும்பில் எடுத்தது என்ற கேள்வி வேறு. நடுவில் ரெண்டு அடுக்கு கடல்பாசி இருந்தால் கிரீம் கொஞ்சம் தளர்ந்தாலும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துத் தட்டில் வைக்க முடிகிறது. 25 சதவீத கிரீமை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்பது என் அனுபவம், விப்பிங் கிரீம் தேடி அலைய வேண்டாம்.

ஒரு இடைச்செருகல். சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் இந்த அகர் வருகிறது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது வேறு, பெப்சி கம்பெனி ஆரம்பித்துவைத்ததால் ஊரில் பெப்சி பாசி என்றே பேர். அதில் எடுப்பது கராஜீனன், ஐஸ்கிரீமும் பால் பானங்களும் கெட்டியாக நிற்கப் போடுவது. அந்தப் பாசிக்குப் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் கடல். நான் பாட்டிலில் வரவழைத்துக் கொண்டாடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே பிலிப்பைன்ஸ் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிவிட்டது, கூடவே குருசடைத் தீவுப் பவளப்பாறையில் படர்ந்துவிட்டது என்ற புகாரோடு. அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

மேலே தூவ அவர்கள் லாத்திக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தேங்காய்ப்பாலைச் சிறுதீயில் விட்டுக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து அடியில் வெள்ளைப் பொருக்கு தங்கும், அது மெல்லச் சிவந்து, மணல் மாதிரி சரசரவென்று ஆகும்போது வடித்துவிடவேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் கசப்பு. உப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் ஒரு ருசி, மாம்பழத்தோடு பிரமாதமாகப் போகிறது. வடித்த எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளலாம், எதுவும் வீணில்லை. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் அல்வா மாதிரி இறுகக் கிண்டும் நம் ஊர்த் தொதலை மெல்லிசாக அரிந்து ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு சில்லு வையுங்கள். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ பக்கத்து முஸ்லிம்களும் தொதோல் கிண்டுகிறவர்கள்தான், அதனால் இதை ஒட்டுவேலை என்று யாரும் சொல்ல முடியாது. என்ன, தொதல் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், பரிமாறும்போதுதான் வைக்கவேண்டும்.

வீட்டில் வரவேற்பு எப்படி? உம்மா டிரேயைப் பார்த்ததும், "கத்தரிக்காயப் போட்டு என்னத்தடி செஞ்சு வச்சிருக்கே" என்றார்கள். "தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க உம்மா" என்று ஒரு துண்டு வைத்தேன். கடல்பாசி அடுக்கை மட்டும் பிரித்துத் தின்றுவிட்டுக் கிரீமை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். லாத்தா (அக்கா) மகன் நேர்மாறு, கிரீமும் மாம்பழமும் காலி, ஊதாவைத் தொடவில்லை. லாத்தாவுக்கு எல்லாம் பிடித்தது, ஆனால் "நோன்புக்கு இத வெறும் கடல்பாசியாவே காய்ச்சிரு, பிஸ்கட்டு எதுக்கு" என்றாள். யோசித்தால் அதுவும் சரிதான். ஊதாத் தேங்காய்ப்பால் கடல்பாசி தனியாகவே நிற்கிறது, செலவும் கால்வாசி.

யார் வாங்கலாம்: துபாயிலிருந்தோ கத்தாரிலிருந்தோ யாராவது ஊருக்கு வருவதாக இருந்தால் பிலிப்பைன்ஸ் சாமான் விற்கிற கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கிவரச் சொல்லலாம், கால் டீஸ்பூன் கணக்கில் ஒரு வீட்டுக்கு நெடுநாள் வரும். இறக்குமதி என்று போட்டு இணையத்தில் விலையை ஏற்றி விற்பதை வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ நல்ல மாம்பழம் வரும். நிறத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் சங்குப்பூ போதும், வெந்நீரில் போட்டு ஊறவைத்துச் சில சொட்டு எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகிவிடும், வாசம்தான் இருக்காது. தேங்காய்ப்பாலில் கலக்கும்போது எலுமிச்சை அளவு மீறினால் பால் திரியும்.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, இருட்டான அலமாரி போதும், ஆனால் மூடி சரியில்லை. சாய்த்து வைத்தால் கசிகிறது. ஒரு சின்ன டப்பாவுக்குள் நிமிர்த்தி வையுங்கள், அரிசி மாவு பக்கத்தில் மட்டும் வேண்டாம்.